மண்ணெண்ணெய் டின்னில் நட்ட பனை

அக்காவின் தையல் மெஷின் வந்து இறங்கிய அன்றைக்கே எங்கள் வீடு நிரம்பிவிட்டது. வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, நடுவே ஒரு தட்டி மறைப்பு. அதற்குள் அக்கா, அவளைக் கட்டிய அத்தான், கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்த நான். மூவரும் உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தவர்கள். அத்தானுக்கு மார்க்கெட் அருகே சின்னதாய் ஒரு கருப்பட்டிக் கடை. கடையில் இடம் போதாமல், ஓலையில் கட்டிய மிச்சச் சிப்பங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எனவே எங்கள் அறையில் கருப்பட்டி ஒரு மூலை, பாய்கள் ஒரு மூலை, வேட்டிகள் தொங்கும் கொடி ஒரு மூலை. நாலாவது மூலைக்கு மெஷின் வந்தது. படுத்தால் அதன் இரும்புக் கால் என் காலோடு உரசும். குளிர்ச்சியாக, புதிதாக, எண்ணெய் வாசத்தோடு.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. ஊரே எதையாவது ஆரம்பித்துக்கொண்டிருந்தது. அக்காவும் ஆரம்பித்தாள். பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு. ஆனி பிறந்ததும் வகுப்பு என்று தெருவில் எல்லா அம்மாமாரிடமும் சொல்லிவிட்டாள். ஆனால் இரண்டு ஆம்பிளைகள் பாய் விரிக்கிற அறைக்கு எந்தத் தாய் பெண்ணை அனுப்புவாள்? எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் என் அக்கா. நிறுத்தியவர்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை. யாராவது தன்னை டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளுக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, நூல்கண்டு உருண்டு போகிற மாதிரி.

தலைக்கு மேலே மொட்டை மாடி சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வெளிப்பக்கமாகப் படியும் இருந்தது. வீட்டுக்காரர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தவர், தெருவுக்கே அண்ணாச்சி. மாடியில் பலகையில் ஓர் அறை கட்டிக்கொள்ளலாமா என்று அத்தான் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

“கட்டும் வே. ஆனா மாடியில ஒரு ஓட்டை விழக் கூடாது. ஒரு ஆணி எறங்கக் கூடாது. மழைத்தண்ணி ஓடுத வழி அடையக் கூடாது. மத்தபடி நீரு அரண்மனையே கட்டும், எனக்கென்ன.”

தச்சர் வேண்டாம் என்று அத்தான் முடிவு செய்துவிட்டார். “நம்ம ஊருல எவன் தச்சன வச்சு விடிலி கட்டுனான்? நாமளே கட்டுவோம் மாப்ள.” விடிலி என்பது பனங்காட்டில் பதநீர் காய்ச்சப் போடுகிற ஓலைக் குடிசை. கட்டியவர்களும் அதில் புகுந்து வளர்ந்தவர்களும் நாங்கள். எனக்கும் கை துறுதுறுத்தது.

பலகை துறைமுகத்திலிருந்து வந்தது. எங்கோ எழும்பிக்கொண்டிருந்த ஆலைகளுக்கு இயந்திரம் வந்த பெட்டிகளைப் பிரித்து, மரத்தைத் தனியாக விற்பார்கள். வெளுத்த, லேசான, பைன் மரம். முகர்ந்தால் எங்கேயோ மழை பெய்கிற வாசம். பலகைகளில் கறுப்பு மையில் படங்கள் குத்தியிருந்தன. விரித்த குடை, மேல்நோக்கிய அம்பு, கால் வைத்த கிளாஸ்.

“கிளாஸ் போட்டிருக்கே மாப்ள, சாராயப் பெட்டியா?” என்றார் அத்தான்.

“உள்ள இருக்கது ஒடையும்னு அர்த்தம், அத்தான்.”

“அப்ப உன் அக்கா உள்ள உக்காருததுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.”

“நான் ஒடையுத சாமானா? என்னைத் தூக்கிப் போட்டுப் பாருங்க, யாரு ஒடையுதான்னு தெரியும்” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பெட்டிகளிலிருந்து பிடுங்கிய ஆணிகளை அத்தான் தூர எறிய விடவில்லை. படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினோம். நிமிர்த்திய ஆணிக்கு ஒரு ஞாபகம் உண்டு. முன்பு எங்கே வளைந்தோம் என்று அதற்குத் தெரியும். அடுத்த அடியில் அங்கேயே வளையும். எங்கள் வேலையில் பாதி ஆணிகள் அப்படித் தம் பழைய வளைவுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தன.

தூண்களுக்குப் பனைதான். அதில் அத்தானுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. உடன்குடியிலிருந்து கருப்பட்டி ஏற்றி வந்த லாரியில், வைரம் பாய்ந்த கறுத்த பனங்கட்டைகள் வந்து இறங்கின. கூடவே சாக்குகளில் செக்கச் செவேலென்று எங்கள் ஊர் மணல்மேட்டுத் தேரி மண்.

“மண் எதுக்கு?” என்றேன்.

“நடுததுக்கு” என்றார் அத்தான், நான் பச்சைக் குழந்தை என்பதுபோல.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். எங்கள் ஊர் செம்மணல் காடு. அங்கே கால் நடுவதென்றால் இடுப்பளவு குழி தோண்டி, கட்டையை இறக்கி, மண்ணைத் தள்ளி, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி, சுற்றி நின்று மிதிப்போம். அதோடு சரி. அந்தக் காலை ஆனை வந்து இழுத்தாலும் மண் விடாது. மேலே சட்டத்தை நாரால் கட்டுகிறோமா, ஆணியில் அடிக்கிறோமா என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. ஒவ்வொரு காலும் தனித்தனியாகத் தன் இடுப்புவரை பூமிக்குள் நின்று கொண்டிருக்கும்போது விடிலி எங்கே போகும்? பூமியே பிடித்துக்கொண்டிருப்பதை எங்கள் கைவேலை என்று நம்பிக்கொண்டிருந்த ஜனம் நாங்கள்.

அண்ணாச்சியின் மாடியில் பூமி இல்லை. ஆகவே அத்தான் பூமியைக் கொண்டுவந்தார். மூலைக்கு ஒன்றாக மண்ணெண்ணெய் டின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பனங்கட்டை. சுற்றிலும் தேரி மண், தண்ணீர், மிதி. டின்னுக்குள் ஒரு பாதம்தான் நுழையும். அத்தான் ஒற்றைக் காலில் நின்று மண்ணை மிதித்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

“தொட்டியில ரோசாச் செடி வைக்கிற மாதிரி பனையை வச்சிருக்கீய” என்று பார்த்துவிட்டு அக்கா சிரித்தாள். “பூக்குமா?”

“நீ வெயிட் பண்ணு. நுங்கே தள்ளும்.”

மழைத்தண்ணீர் ஓட வேண்டுமே என்று தரையை மாடியில் பரப்பவில்லை. தூண்களோடு சேர்த்து முழங்கால் உயரத்தில் சட்டங்கள் ஓட்டி, அதன்மேல் பலகைத் தரை. பனையின் வைரத்தில் ஆணி இறங்காமல் வளைந்ததால், சட்டத்தைத் தூணோடு பனைநாரால் இறுக்கிக் கட்டினோம். பக்கங்களுக்கு நெட்டுவாக்கில் பலகை. கிழக்கே வாசல், வடக்கே வெளிச்சத்துக்குப் பெரிய திறப்பு. மேலே ஓலை. கடைசி ஓலையை முடிந்துவிட்டு மேலிருந்து பார்த்தேன். ஒரு பக்கம் உப்பளங்களின் வெள்ளைக் குவியல்கள், ஒரு பக்கம் கடல், நடுவே குடையும் கிளாஸும் அம்பும் குத்திய எங்கள் அறை. அம்புகளில் பாதி தலைகீழாக நின்றன. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

அக்கா பால் காய்ச்சினாள். அண்ணாச்சி ஏறி வந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, “கோழிக்கூடு விசாலமாத்தான் இருக்கு” என்றார். அவர் மட்டும் உள்ளே ஏறாமல் வெளியிலேயே நின்று குடித்தார்.

பிறகு மெஷினைத் தூக்கி வந்து வைத்தோம். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பழைய துணியை ஊசிக்கடியில் கொடுத்து மிதித்தாள். மெதுவாக. பிறகு வேகமாக. சக்கரம் சுற்றியது, ஊசி பாய்ந்தது, எங்கள் முகமெல்லாம் பல்.

அப்போதுதான் ஓலை சரசரத்தது. காற்று இல்லை, சித்திரை வெயிலில் ஓர் இலைகூட அசையவில்லை. அறை அசைந்தது. அக்காவின் கால் முன்னே போனால் அறை முன்னே, பின்னே வந்தால் பின்னே. தாளம் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கூடுதலாக. என் கையிலிருந்த பால் டம்ளரில் அலை அடித்தது.

அக்கா காலை எடுத்தாள். அறை இன்னும் சில தடவை ஆடிவிட்டு, மனமில்லாமல் நின்றது.

“ஏலே தம்பி,” என்றாள் அக்கா என்னிடம், “வீடும் என்கூடச் சேந்து மிதிக்கு.”

அத்தான் அசரவில்லை. “பனை ஆடத்தான் செய்யும், ஏளா. காத்துல ஆடலியா? ஆடி என்ன, விழுந்தா போச்சு?”

“பனை மேல நான் ஊரான் பிள்ளைகள உக்கார வைக்கலியே.”

பதில் இல்லாத இடத்தில் எங்கள் அத்தான் மண்ணைப் போடுவார். டின்களைச் சுற்றி இன்னும் டின்கள், அவற்றில் இன்னும் மண். நடுவில் கூடுதலாக ஒரு தூண். நாரின் மேல் நார். நான் என் பங்குக்குக் கிடைத்த இடத்திலெல்லாம் ஆணி அடித்தேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் அக்கா ஏறி உட்கார்ந்து மிதிப்பாள். அறை ஆடும். முன்பைவிடக் கனமாக ஆடும், அவ்வளவுதான். அத்தான் மட்டும், “இப்பக் கொஞ்சம் கொறஞ்சிருக்கு பாத்தியா?” என்பார்.

கடைசியில் அண்ணாச்சி சத்தம் கேட்டு வந்துவிட்டார். டின்களை எண்ணிப் பார்த்து அவர் முகம் மாறியது. “என்ன வே, தேரிக்காட்டையே பேத்து ஏத்திட்டீரா? இந்த மாடிக்கு அடியில யாரு படுக்கா? நீருதான படுக்கீரு? நல்லாப் படும்.”

அன்றைக்கு மண் ஏற்றுவது நின்றது. அன்றைக்கே ஒருத்தி வந்தாள். அடுத்த தெருவில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிற வீட்டுக்காரி. தன் மகளைத்தான் முதலில் சேர்ப்பேன் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்தவள். அவள் சேர்த்தால் அந்தத் தெருவே சேர்க்கும். ஏறி வந்து, அறையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, ஒரு தூணில் இடுப்பைக் கொடுத்து லேசாகத் தள்ளினாள். ஓலை சரசரத்தது.

“எங்க வள்ளம் கடல்ல போனாக்கூட இம்புட்டு ஆடாது தங்கச்சி,” என்றாள். “அங்கன விழுந்தாத் தண்ணி. இங்கன விழுந்தாத் தெரு. எம்மவள அனுப்ப மாட்டேன்.” சண்டை போடுகிற குரலில்லை. சந்தையில் நண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற குரல்.

அக்கா அன்று சாயங்காலம் அறைக்குள் போகாமல் வெளியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் ஒரு கட்டம்போட்ட துணித் துண்டை வைத்துக்கொண்டு அதன் மூலைகளை இழுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதல் பாடமாகச் சொல்ல வைத்திருந்த பாடம் அது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இங்க பாரு. நேர் இழையில இழுத்தா துணி வராது” என்று நீளவாக்கில் இழுத்துக் காட்டினாள். வரவில்லை. “அகலத்துல இழுத்தாலும் வராது. கோணையா, மூலைக்கு மூலை இழுத்தா…” இழுத்தாள். துணியின் சதுரக் கட்டங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சரிந்து படுத்தன. இழை ஒன்றும் அறவில்லை. ஒன்றும் நீளவுமில்லை. சதுரம் மட்டும் சாய்ந்துவிட்டது.

இருவரும் அந்தத் துணியைப் பார்த்தோம். பிறகு அறையைப் பார்த்தோம். நெட்டுக்குத் தூண், குறுக்குக்குச் சட்டம். நெட்டும் குறுக்குமாக எவ்வளவு போட்டிருந்தோம்! கோணையாக ஒன்றுகூட இல்லை.

“துணி இப்படிப் போவாம இருக்க நீ என்ன செய்வ?” என்று கேட்டேன்.

“மூலைக்கு மூலை ஒரு பட்டி வச்சுத் தச்சுருவேன்.” சொல்லி முடிக்குமுன் எழுந்துவிட்டாள்.

கொடிக்கயிற்றை அவிழ்த்து, மேற்குப் பக்கத்தில் தூணின் தலையிலிருந்து எதிர்த் தூணின் காலுக்குக் கட்டினாள். நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினேன். தள்ளிப் பார்த்தோம். ஒரு பக்கம் தள்ளினால் அறை சுவர் மாதிரி நின்றது. மறுபக்கம் தள்ளினால் கயிறு தொய்ந்து, அறை போயிற்று. கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், தாங்கத் தெரியாது. மற்ற மூலையிலிருந்தும் ஒன்றைக் கட்டினோம். அறை இரண்டு பக்கமும் நின்றது. நான் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். என் தோள்தான் வலித்தது. அக்கா சிரித்த சிரிப்பில் அடுத்த மாடிப் புறாக்கள் எழுந்து போயின.

கடையிலிருந்து வந்த அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. அது நிற்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை, தள்ளிப் பார்த்துவிட்டார். அழகுதான் பிரச்சினை.

“தப்புக் கணக்குக்கு வாத்தியார் பெருக்கல் குறி போட்ட மாதிரி இருக்கு மாப்ள. வீட்டுல கோணையா ஒரு கட்டை போடலாமா? நம்ம பக்கம் எங்கயாவது போட்டுப் பாத்திருக்கியா?”

“நம்ம பக்கம் மண்ணு பிடிச்சுக்கிடுது அத்தான். இங்க யாரு பிடிப்பா?”

“அதுக்குத்தான் டின்னு வச்சேன்.”

“டின்னை யாரு பிடிப்பா?” என்றாள் அக்கா.

அத்தான் டின்னைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். “சரி. போடுததுதான் போடுதோம், கயிறு எதுக்கு? ஒழுங்கா மரத்துலயே போடுவோம்.” அதுதான் எங்கள் அத்தான். தோற்றால் ஜெயித்தவர்களுக்கு முன்னால் போய் நின்று வேலையை ஆரம்பித்துவிடுவார்.

எல்லாவற்றையும் பிரித்தோம். நிமிர்த்திய ஆணிகளை இந்தத் தடவை யாரும் பொறுக்கவில்லை. லாரிப் பட்டறையிலிருந்து போல்ட்டும் நட்டும் வாங்கி வந்தேன். பனையில் துளை போடுவதுதான் பாடு. அத்தான் ஒரு கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஓடி வந்து வைரத்தில் வைத்து அழுத்துவார். சுர்ரென்று புகை எழும். கம்பி கறுத்ததும் மறுபடி ஓட்டம். அக்கா அடுப்படியில் கம்பிக்கும் குழம்புக்குமாக அடுப்பைப் பங்கு போட்டாள். அந்த நாட்களில் எங்கள் சாப்பாட்டில் எல்லாமே கொஞ்சம் புகைந்திருந்தது.

சட்டங்கள் தூணோடு போல்ட்டில் சேர்ந்தன. மூன்று பக்கமும் பெட்டியின் தடித்த சட்டங்களைக் கோணையாக, மூலையிலிருந்து மூலைக்குக் கொடுத்தோம். வாசல் பக்கம் அப்படிப் போட்டால் ஆள் நுழைய முடியாதே என்று, அங்கே மேல் மூலைகளில் மட்டும் கக்கத்தில் கை கொடுத்த மாதிரி குட்டைக் கட்டைகள். வெளிச்சத்துக்கு விட்ட திறப்பின் குறுக்கே ஒரு கட்டை போனது. வானம் இரண்டு முக்கோணமாகப் பிரிந்தது. அக்கா, “பரவாயில்ல, அளவு நாடா தொங்கப் போட எடமாச்சு” என்றாள். தூண்களுக்கு அடியிலிருந்து டின்களை எடுத்துவிட்டுத் தட்டைக் கல் வைத்தோம். தேரி மண் அண்ணாச்சியின் முருங்கைக்குப் போயிற்று.

அறை இப்போது ஆடாது. ஆனால் ஆனிக் காற்று மேற்கிலிருந்து அள்ளிக்கொண்டு வரும்போது அப்படியே தூக்கிப் போகாமல் இருக்க வேண்டுமே. எதிலாவது கட்டியாக வேண்டும். எதிலும் ஓட்டை போடக் கூடாது. அண்ணாச்சியே வழி சொன்னார், சலிப்போடு: “கைப்பிடிச் சுவருல தண்ணி போறதுக்கு ஓட்டை நானே விட்டிருக்கேம்லா. அது வழியா இரும்புப் பட்டையை விட்டுச் சுத்திக் கட்டும். சுவத்துல ஆணி கீணி பட்டுதோ, பாத்துக்கிடும்.” சைக்கிள் கடையிலிருந்து பட்டையையும் அவரே அனுப்பினார்.

பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் நாங்கள் ஏறிப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் உட்காருவார்களோ அதைவிடக் கூடுதலாகப் பாரம் வேண்டும். அத்தான் கடையிலிருந்த கருப்பட்டிச் சிப்பங்களையெல்லாம் சுமந்து வந்து தரை நிறைய அடுக்கினார். எறும்புகள் தாமாகவே வரிசையாக வந்து தங்கள் எடையைக் கொடுத்தன. சிப்பங்களின் மேல் அத்தான், நான். “நீங்களும் வாங்க அண்ணாச்சி” என்று அக்கா கூப்பிட்டாள். அவர் தூணைத் தட்டிப் பார்த்தார், போல்ட்டைத் திருகிப் பார்த்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஏறினார். தரை ஒரு தடவை முனகியது. அதற்குப் பிறகு சத்தமில்லை.

“குதிங்க” என்றாள் அக்கா.

“இந்த வயசுலயா?”

“பிள்ளைகள் குதிக்கும்லா அண்ணாச்சி.”

அண்ணாச்சி குதித்தார். ஒரு சைக்கிள் கடை முதலாளி, வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பலகைத் தரையில் தொப் தொப்பென்று. தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆனி பிறந்தது. சொன்ன தேதிக்கு வகுப்பு. அன்றைக்குப் பார்த்து மேல்காற்று வந்து ஊரை உலுக்கிக்கொண்டிருந்தது. உப்பள மண்ணும் தெருப் புழுதியும் பறந்தன. மாடியில் ஓலை படபடத்தது. அக்கா புதுச் சேலை கட்டி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஆபீசுக்குத் தாமதமாகப் போகலாம் என்று படியருகே நின்றேன்.

அண்ணாச்சி குதித்த கதை அடுத்த தெருவுக்கும் போயிருந்தது. வள்ளக்காரிதான் முதலில் ஏறி வந்தாள். பின்னால் மகள். அவர்கள் பின்னால் படியில் இன்னும் சில பிள்ளைகளும் தாய்மாரும், ஒருத்தி தோள் மேல் ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டு. யாரும் அவளைத் தாண்டி வரவில்லை. அவள் முன்போலவே ஒரு சுற்று சுற்றினாள். கோணல் கட்டைகளைப் பார்த்தாள். பழைய தூணிலேயே இடுப்பைக் கொடுத்தாள். பிறகு தோளைக் கொடுத்தாள். பிறகு ஒரு காலை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, வலை இழுப்பவளைப் போல முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“மிதி” என்றாள் அக்காவிடம்.

அக்கா மிதித்தாள். மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு காலே தெரியாத வேகத்தில். வெளியே காற்று, மேலே ஓலை, கீழே தெரு எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. அறைக்குள் அசைந்தது ஊசி மட்டும்தான்.

வள்ளக்காரி தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குத்தவைத்திருந்தாள். நாடி பார்ப்பது போல. பிறகு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, வாசலில் நின்ற மகளைப் பிடித்து உள்ளே ஏற்றிவிட்டாள்.

“போ,” என்றாள். “டீச்சர் பக்கத்துல போயி உக்காரு.”